சைட்டைத் திருகும் முன்: புதிதாக என்.சி.சி.யில் சேர்ந்த குமரிப் பிள்ளைகளுக்கு

போன கேம்ப் முடிந்து அக்கா மகள் வீட்டுக்கு வந்தாள். நாகர்கோவிலில் கல்லூரி முதலாண்டு, என்.சி.சி.யில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. தோள் பையை இறக்கக்கூட இல்லை, புகார் தொடங்கிவிட்டது. "மாமா, அஞ்சு ரவுண்டு குடுத்தாங்க. ரெண்டுதான் அட்டைல பட்டுது. அந்த ரைஃபிளே கோணல். சைட்டைக் கொஞ்சம் திருப்பி விட்டிருந்தா எல்லாம் நடுவுல போயிருக்கும்."

பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவன் நான். சைட் என்பது குறிபார்க்க ரைஃபிளின் மேல் முன்னும் பின்னும் இருக்கும் பாகம். அதைக் குறை சொல்லும் இந்தப் பேச்சை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். என் முதல் ஃபயரிங் அன்று நானும் இதையேதான் சொன்னேன். அன்று என் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், என் கையிலிருந்த ரைஃபிளை வாங்கி, அதே சைட்டில் அஞ்சு குண்டையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா மகளுக்கு இரண்டு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ராணுவ ரகத் துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு இது. ரேஞ்சில், அதாவது சுடும் இடத்தில், உஸ்தாத் சொல்வதும் நான் சொல்வதும் முரண்பட்டால் உஸ்தாத் சொல்வதையே கேளுங்கள். அந்த ரைஃபிள் அவர் பொறுப்பு.

கையில் வருவது என்ன?

பரேடுக்குக் கொடுக்கிற துப்பாக்கியும் ஃபயரிங்குக்குக் கொடுக்கிற துப்பாக்கியும் பெரும்பாலும் ஒன்றல்ல. பரேடில் தோளில் தூக்கி நடப்பது டி.பி. ரைஃபிள், அதாவது சுட முடியாதபடி செய்து டிரில்லுக்கு மட்டும் வைத்திருப்பது. பழைய .303 அப்படி நிறைய உண்டு. ஏறத்தாழ நாலு கிலோ கனக்கும். அரை மணி நேரம் தூக்கி நின்றால் தோள்பட்டை சொல்லும்.

ஃபயரிங்குக்கு வருவது .22. வாய் அகலம் 5.6 மில்லிமீட்டர். பார்க்க ராணுவ ரைஃபிள் போலவே இருக்கும், போல்ட் என்ற பின்தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத்தான் ஒவ்வொரு ரவுண்டும், அதாவது தோட்டாவும், ஏற்ற வேண்டும். குண்டின் ஈயம் வெறும் இரண்டரை கிராம் சொச்சம். இதைப் பார்த்துப் பிள்ளைகள் "சின்னத் துப்பாக்கிதானே" என்று நினைத்துவிடுகிறார்கள். 25 மீட்டர் தூரத்து அட்டையைக் குறிபார்க்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள், சரி. ஆனால் மேலே தூக்கிச் சுட்டுவிட்டால் அதே குண்டு ஒன்றரை கிலோமீட்டர் போகும். ரேஞ்சில் டார்கெட்டுக்குப் பின்னால் உயரமாக மண்மேடு போட்டிருப்பதும் சிவப்புக் கொடி பறப்பதும் அதனால்தான்.

'ரைஃபிள்' என்ற பெயரே பேரலின் உள்ளே திருகு போல வெட்டியிருக்கும் பள்ளங்களால் வந்தது. அந்தப் பள்ளம் குண்டைப் பம்பரம் மாதிரி சுழற்றி விடுகிறது. சுழல்வதால்தான் அது நேராகப் போகிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது இரண்டு பக்கமும் படைவீரர் கையில் இருந்தவை பெரும்பாலும் உள்ளே வழுவழுப்பான மஸ்கட்கள். நூறு கஜம் தாண்டினால் ஓர் ஆளைக் குறிவைத்து அடிப்பது அதிர்ஷ்டம்தான். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுப்பவராகி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடத்தினார். அவர் கல்லறை இன்னும் கோட்டைக்குள் இருக்கிறது. ஐரோப்பிய முறை வரிசை, சொல்லுக்கு ஏற்ற அசைவு என்று அவர் இங்கே கொண்டுவந்ததற்கும் நீங்கள் மைதானத்தில் 'சாவ்தான்' என்றதும் விறைப்பதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. துப்பாக்கி மோசமாக இருந்த காலத்தில் ஒழுங்கை வைத்துத்தான் சமாளித்தார்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டியது

யார் கொடுத்தாலும், "காலிதான்" என்று சத்தியமே செய்தாலும், ரைஃபிளைக் கையில் வாங்கிய உடனே நீங்களே பாருங்கள். முனை டார்கெட் பக்கம் அல்லது உஸ்தாத் காட்டும் பக்கம் இருக்கட்டும். விரல் ட்ரிகர் கார்டுக்கு, அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையத்துக்கு, வெளியே நீட்டியபடி இருக்கட்டும். ரவுண்டுகள் இருக்கும் பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். போல்ட்டைப் பின்னால் முழுக்க இழுங்கள். ரவுண்டு உட்காரும் அறையான சேம்பருக்குள் கண்ணால் பாருங்கள். மேகசினைக் கழற்றாமல் போல்ட்டை மட்டும் இழுத்துப் பார்த்து மூடினால், மூடும்போது அடுத்த ரவுண்டு உள்ளே ஏறிவிடும். "காலி" என்று நினைத்துக் கையில் நிறைதுப்பாக்கியை வைத்திருப்பீர்கள். நடந்திருக்கும் விபத்துகளில் பாதி இந்த வரிசை மாறியதால்தான் என்பது என் எண்ணம்.

பக்கத்தில் இருப்பவன் கூப்பிட்டான் என்று உடம்போடு திரும்பாதீர்கள். நீங்கள் திரும்பினால் முனையும் திரும்பும். கழுத்தை மட்டும் திருப்புங்கள், அல்லது திரும்பவே வேண்டாம்.

ஆணைகள் இந்தியில் வரும். முதலாண்டுப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இது. 'பர்' என்றால் ரவுண்டை ஏற்று, 'காலி கர்' என்றால் காலி செய். மொழி தெரியாததால் பக்கத்தில் இருப்பவன் செய்வதைப் பார்த்துச் செய்கிறார்கள். அவனும் உங்களைப் பார்த்துத்தான் செய்துகொண்டிருப்பான். பத்து ஆணைகள்தான் இருக்கும், ஒரு ராத்திரியில் மனப்பாடம் பண்ணிவிடலாம். புரியவில்லை என்றால் கையை உயர்த்துங்கள். ரேஞ்சில் கேள்வி கேட்டதற்கு எந்த உஸ்தாதும் அடித்ததில்லை. கேட்காமல் ஏதாவது செய்தவனைத்தான் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்.

எந்தக் கண்?

அக்கா மகள் வலது கைக்காரி. ஆனால் அவளுக்கு ஆளும் கண் இடது. அதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சோதிப்பது எளிது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, கையை நீட்டி, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்தில் இருக்கும் ஒன்றை அந்த ஓட்டை வழியே பாருங்கள். கன்னியாகுமரிக் கடற்கரை என்றால் வள்ளுவர் சிலையின் தலை, ஊருக்குள் என்றால் தென்னை மரத்துக் குலை, எதுவானாலும் சரி. அப்படியே ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ அதுதான் உங்கள் ஆளும் கண்.

வலது கையும் வலது கண்ணும் என்றால் தொல்லை இல்லை. மாறியிருந்தால், வலது தோளில் வைத்துச் சுடும்போது இடது கண்ணை நன்றாக மூட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியில் அந்தப் பக்கம் ஒரு காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். இடது தோளுக்கு மாற்றிப் பழகலாம்தான், ஆனால் போல்ட் பிடி வலது பக்கம் இருக்கும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் கை சுற்றிப் போய் வர வேண்டும். ஆரம்பத்திலேயே உஸ்தாதிடம் சொல்லிவிடுங்கள், அவர் முடிவு செய்வார்.

படுப்பது

படுத்துச் சுடும் நிலையைப் பலரும் சும்மா கவிழ்ந்து கிடப்பது என்று நினைக்கிறார்கள். நான் ஒரு ஆள் படுத்திருப்பதைப் பார்த்தே அவன் குரூப்பிங், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழும் என்பது, எப்படி வரும் என்று முக்கால்வாசி சொல்லிவிடுவேன்.

வலது கைக்காரர் என்றால் உடம்பு துப்பாக்கிக் கோட்டுக்குக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். கால்கள் விரிந்து, குதிகால்கள் முடிந்தவரை தரையோடு. இடது முழங்கை ஏறத்தாழ ரைஃபிளுக்கு நேர் கீழே. அந்தக் கை தூண், தூண் சாய்ந்திருந்தால் கூரை ஆடும். இடது உள்ளங்கையில் ரைஃபிள் உட்கார்ந்திருக்க வேண்டும். நசுக்கிப் பிடிக்கக் கூடாது. ரைஃபிளின் பின்கட்டைக்குப் 'பட்' என்று பெயர். அந்தப் பட்டைத் தோள் குழியில், எலும்பின் மேல் அல்ல, சதையில் பொருத்துங்கள். .22 உதைக்காது. ஆனால் பட்டை ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வைத்தால் ஒவ்வொரு குண்டும் வேறு வேறு இடத்தில் விழும். கன்னமும் அதே மாதிரிதான்: பட்டின் மேல் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில். ரைஃபிளை முகத்துக்குக் கொண்டு வாருங்கள், முகத்தை ரைஃபிளிடம் வளைக்காதீர்கள்.

ஸ்லிங், அதாவது தோள்வார், தூக்கிப் போக மட்டும் அல்ல. இடது மேல்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் கை, வார், ரைஃபிள் மூன்றும் சேர்ந்து முக்கோணமாகிவிடும். வார் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். கை நீளமானவர் விட்டதை அப்படியே எடுத்துக்கொண்டு படுக்காதீர்கள். விரல்நுனி மரத்துப் போனாலும், நாடித்துடிப்பு முன்சைட்டில் தெரிந்தாலும் இறுக்கம் அதிகம்.

இப்போது முக்கியமான ஒன்று. குறி பார்த்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். இரண்டு முறை மூச்சு விடுங்கள். கண்ணைத் திறங்கள். முன்சைட் இன்னும் டார்கெட்டில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். புதியவர்கள் என்ன செய்வார்கள் என்றால், கையால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவருவார்கள். சுடும் நொடியில் தசை தளரும், ரைஃபிள் தன் இடத்துக்கே திரும்பிவிடும், குண்டும் அங்கேயே போகும். அப்படித் தள்ளக் கூடாது. இடது முழங்கையை ஆணி அடித்த மாதிரி வைத்துக்கொண்டு இடுப்பையும் காலையும் நகர்த்துங்கள். முனை இடப்பக்கம் போக வேண்டுமென்றால் கால்களை வலப்பக்கம் நகர்த்துங்கள். மேலே போக வேண்டுமென்றால் உடம்பைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கள், கீழே என்றால் முன்னுக்கு. மறுபடி கண்ணை மூடித் திறந்து பாருங்கள். எந்தத் தசையும் வேலை செய்யாமல் முன்சைட் தானாக டார்கெட்டில் வந்து நிற்கிற வரை. அக்கா மகளிடம் நான் "சின்னச் சின்னத் திருத்தம்" என்று சொன்னது இதைத்தான். இதற்கு ஸ்குரூ டிரைவர் தேவையில்லை.

குறியும் மூச்சும் விரலும்

பின்சைட் சில ரைஃபிளில் வெட்டாக இருக்கும், சிலவற்றில் சின்னத் துளையாக இருக்கும். வெட்டு என்றால் முன்சைட்டின் நுனி வெட்டின் நடுவில், வெட்டின் மேல் விளிம்புக்குச் சமமாக நிற்க வேண்டும். நுனி மேலே ஏறினால் குண்டு மேலே, வலது ஓரம் ஒதுங்கினால் குண்டு வலது. துளை என்றால் துளையைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியே பாருங்கள், கண் தானாக நடுவைத் தேடிக்கொள்ளும்.

கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். பின்சைட், முன்சைட், டார்கெட் மூன்றையும் தெளிவாகப் பார்க்க யாராலும் முடியாது. தெளிவாக இருக்க வேண்டியது முன்சைட் நுனி. டார்கெட் மங்கலாகத் தெரியட்டும். மனசு ஒப்பாது, அட்டையைத்தானே அடிக்கப் போகிறோம் என்று அங்கேயே ஓடும். இழுத்து முன்சைட்டுக்குக் கொண்டு வாருங்கள். வெயிலில் நுனி பளபளத்தால் உஸ்தாதிடம் சொன்னால் மெழுகுவர்த்திப் புகையில் கரி பிடிக்க வைத்துத் தருவார். பழைய வழி, இன்றும் வேலை செய்யும்.

ரைஃபிளைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள். வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு வலது கீழே இறங்கும்.

மூச்சை நிறைய இழுத்து அடக்காதீர்கள், கிணற்றில் குதிக்கப் போவதில்லை. வழக்கம்போல் விட்டு, அடுத்த மூச்சு எடுக்கும் முன் இயல்பாக ஒரு இடைவெளி வருமே, அதைக் கொஞ்சம் நீட்டுங்கள். ஏழெட்டு விநாடி. அதற்குள் சுட முடியவில்லை என்றால் விரலை எடுத்து, மூச்சு விட்டு, முதலிலிருந்து. அடக்கிக்கொண்டே இருந்தால் கண் மங்கும், கை நடுங்கும், "எப்படியாவது போய்த் தொலையட்டும்" என்று இழுத்துவிடுவீர்கள். அப்படி இழுத்த குண்டு எங்கே போகும் என்று அதற்கே தெரியாது.

ட்ரிகரில் ஆள்காட்டி விரலின் நுனிச் சதை. மடிப்பு அல்ல. நேர் பின்னால், மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ராணுவ ரகத்தில் முதலில் கொஞ்ச தூரம் லேசாக வரும், பிறகு ஓர் இடத்தில் தடுக்கும். அந்தத் தடையில் இருந்து வெடிக்கும் வரைதான் உண்மையான வேலை. எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது. வெடித்த பிறகும் விரலை உடனே விடாதீர்கள், முன்சைட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

வீட்டில் பழக ஒரு வழி சொன்னேன். சுவரில் ஒரு புள்ளி வைத்து, அழுத்தினால் 'டிக்' என்கிற பேனாவைக் கையை நீட்டிப் பிடித்து, அதன் முனை புள்ளியைவிட்டு நகராமல் அழுத்திப் பழகு என்று. அவள் அம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "பிள்ளைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள். காலி ரைஃபிளில் 'டிக் டிக்' என்று அடித்துப் பழகலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். .22-இல் உஸ்தாத் சொல்லாமல் வேண்டாம். இதில் அடிக்கும் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிப்பது. தோட்டா இல்லாதபோது சேம்பரின் விளிம்பையே அடித்து மழுக்கிவிடலாம்.

வெடிக்காவிட்டால்

.22-இல் இது அடிக்கடி நடக்கும். தீப்பிடிக்கும் மருந்து தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது. ஒரு ஓரத்தில் மருந்து குறைந்திருந்தால் 'டிக்' சத்தம் மட்டும்தான். ரைஃபிளை அப்படியே டார்கெட் பக்கம் வைத்துக்கொண்டு முப்பது விநாடி காத்திருங்கள், கையை உயர்த்துங்கள். சில சமயம் தாமதமாக வெடிக்கும். உடனே போல்ட்டைத் திறந்து முகத்தை நீட்டிப் பார்க்காதீர்கள்.

இதைவிட மோசமானது 'புஸ்' என்ற மெலிந்த சத்தம். குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த ரவுண்டு போட்டால் பேரல் வீங்கும், வெடிக்கவும் கூடும். சத்தம் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் நிறுத்துங்கள். ஒரு ரவுண்டு வீணானதாகப் போகட்டும்.

அட்டை சொல்வது

இப்போது அஞ்சு ஓட்டையோடு அட்டை உங்கள் கையில். நடுப்புள்ளியில் பட்டதா என்று முதலில் பார்க்காதீர்கள். அஞ்சும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள். அதுதான் குரூப்பிங்.

ஓட்டைகள் மேலும் கீழுமாக ஏணி மாதிரி நின்றால் மூச்சு. பக்கவாட்டில் பரவியிருந்தால் ட்ரிகர், அல்லது கையால் தள்ளிப் பிடித்தது. நாலு சேர்ந்து ஒன்று தனியாகப் போனால் அந்த ஒன்று உங்களுக்கே தெரிந்திருக்கும், நேர்மையாக ஒத்துக்கொள்ளுங்கள். அட்டை முழுக்கச் சிதறியிருந்தால் ஒவ்வொரு முறையும் கன்னமும் பட்டும் வேறு இடத்தில் இருந்திருக்கின்றன. இந்த எந்த நிலையிலும் சைட்டைத் தொட்டுப் பயன் இல்லை. சிதறிய குண்டுகளுக்கு நடுப்புள்ளி என்று ஒன்று இருந்தால்தானே அதை நகர்த்த?

அஞ்சும் நெருக்கமாக விழுந்து, ஆனால் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அப்போதுதான் சைட் பேச்சு. கணக்கு எளிது. முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 25 மீட்டரில். 25 மீட்டரை 60 சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 42. அதாவது சைட்டை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் குண்டு அட்டையில் 42 மில்லிமீட்டர், நாலு சென்டிமீட்டருக்கு மேல், நகரும். "கொஞ்சம் திருப்பி விடலாம்" என்பதில் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று இப்போது தெரிகிறதா?

திசையில் எல்லோரும் குழம்புவார்கள். பின்சைட் என்றால் குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்சைட் என்றால் தலைகீழ்: குண்டு எந்தப் பக்கம் தவறிப் போகிறதோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். குரூப் இடப்பக்கம் நாலு சென்டிமீட்டர் ஒதுங்கினால் முன்சைட்டை இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் போதும். குரூப் கீழே இருந்தால் முன்சைட் இறங்க வேண்டும், அல்லது பின்சைட் ஏற வேண்டும்.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாமே தவிர, கேடட் கையால் செய்யக் கூடாது. அந்த ரைஃபிளில் உங்களுக்குப் பிறகு நாற்பது பேர் சுடுவார்கள். நீங்கள் உங்கள் கண்ணுக்கு ஏற்பத் தள்ளிவிட்டால் நாற்பது பேருக்கும் கோணல். செய்ய வேண்டியவர் உஸ்தாத் அல்லது ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரர். நீங்கள் செய்யக் கூடியது குறியை மாற்றுவது. நாலு சென்டிமீட்டர் இடப்பக்கம் போகிறதா, நாலு சென்டிமீட்டர் வலப்பக்கம் குறிவையுங்கள்.

காற்றைப் பற்றி ஆரல்வாய்மொழிப் பையன்கள் கேட்பார்கள். காற்றாடி சுற்றுகிற ஊர், கேட்கத்தான் செய்வார்கள். 25 மீட்டரில் நல்ல குறுக்குக் காற்றும் .22 குண்டை ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் தள்ளும். அதைவிட உங்கள் தோளையும் சட்டையையும் அது ஆட்டுவதுதான் பெரிது. காற்று தணியும் நொடிக்குக் காத்திருங்கள்.

மழையும் உப்பும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. ரைஃபிளின் மர பாகம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். கோடையில் வைத்த ஜீரோ, அதாவது சைட்டும் குண்டும் ஒத்துப்போகும் அமைப்பு, மழையில் நகர்ந்துவிடும். மரத்துக்குள் போகும் ஸ்குரூ தளர்ந்திருந்தாலும் அதேதான். எனவே குரூப் திடீரென்று போன தடவையைவிட ஒதுங்கினால் சைட்டுக்கு முன் ஸ்குரூவைப் பார்க்கச் சொல்லுங்கள். பலமுறை அங்கேதான் தீர்ந்திருக்கிறது.

அப்புறம் உப்பு. குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் ஜன்னல் கம்பியே எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ரைஃபிளின் இரும்பும் இரும்புதான். வியர்த்த கைரேகை ஒரு ராத்திரியில் பழுப்பாகிவிடும்.

துடைப்பதற்கு முன் மறுபடி காலி சோதனை. போல்ட்டைக் கழற்றி, புல்த்ரூ கயிற்றைப் பின்பக்கமாக விட்டு முனை வழியே இழுங்கள். முனையிலிருந்து கம்பியைக் குத்தினால் வாய் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரிகிற இடம் அது, அது கெட்டால் குறி கெட்டது. துணித்துண்டுக்குப் பட்டாளத்தில் 'சிந்தி' என்று பெயர். .303-க்கு உலர்ந்த சிந்தி நாலுக்கு இரண்டு அங்குலம். .22-க்கு அதைவிடச் சின்னது. அளவு பெரிதானால் உள்ளே சிக்கும், பிறகு எல்லோரும் உங்களைச் சுற்றி நிற்பார்கள். முதலில் உலர் சிந்தி, பிறகு லேசாக எண்ணெய் தொட்டது. எண்ணெய் என்றால் பூச்சு, குளியல் அல்ல. சுடுவதற்கு முன் பேரலுக்குள் எண்ணெய் இருந்தால் உலர் சிந்தியால் எடுத்துவிட வேண்டும்.

தேங்காயெண்ணெய் வேண்டாம். நம் வீட்டில் தலைக்கும் கதவுக்கும் தையல் மெஷினுக்கும் அதுதான், தெரியும். கொஞ்ச நாளில் பிசினாகிவிடும், குளிரில் உறையும், போல்ட் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் ஸ்டோரில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

பழைய .303 ரவுண்டு சுட்ட காலத்தில் பேரலில் கொதிநீர் ஊற்றிக் கழுவுவோம் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது கட்டுக்கதை இல்லை. அந்தத் தோட்டாவின் தீமருந்து எரிந்ததும் ஒரு வகை உப்பைப் பேரலுக்குள் விட்டுப்போகும். கடலுப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. எண்ணெய்க்கு அது கரையாது, தண்ணீருக்குத்தான் கரையும். இன்றைய .22-க்கு அந்தத் தொல்லை இல்லை.

கோக்கா, சட்டம், ஏர்கன்

சுட்ட பிறகு வெளியே விழும் பித்தளைக் கூட்டுக்குக் கோக்கா என்று பெயர். கொடுத்த ரவுண்டும் திரும்பிய கோக்காவும் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். ஒரு தடவை எங்கள் ஃபயரிங்கில் ஒன்று குறைந்தது. முப்பது பேர் முட்டி போட்டுப் புல்லைத் தடவினோம், இருட்டும் வரை. கடைசியில் ஒருவன் சட்டைக் காலருக்குள் இருந்தது. சூடாக விழுந்திருக்கும், குளவி கொட்டியது என்று நினைத்தானாம். கைச்செயினில் கோக்கா மாட்டி ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

.303, 7.62, 5.56 போன்ற ராணுவ அளவுகள் தடைசெய்யப்பட்ட ரகம், சாதாரணமாக யாரும் உரிமம் வாங்க முடியாது. மற்றவற்றுக்கும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணமாக ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. வீட்டில் பழக ஆசைப்படுகிறவர்கள் .177 ஏர்கன் பக்கம் போகிறார்கள். குறைந்த விசை உள்ளவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் அதோடு தேரூர்க் குளக்கரைக்குப் போய்ப் பறவையைக் குறிபார்க்கும் பயல்களையும் பார்த்திருக்கிறேன். 1972 வனவிலங்குச் சட்டம் ஏர்கன் என்று விட்டுவிடாது. சுசீந்திரம் தேரூர் நீர்நிலை 2022 முதல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கிற இடம் வேறு. அட்டை ஒட்டிச் சுடுங்கள், பின்னால் மண்மூட்டை வையுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

நேற்று அக்கா மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். இரண்டாவது ஃபயரிங். அட்டையில் அஞ்சு ஓட்டை, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும், எல்லாம் இடது கீழ் மூலையில். கீழே எழுதியிருந்தாள்: "மாமா, நடுவுல ஒண்ணுகூட இல்ல."

"இப்போ உஸ்தாத்கிட்ட போய் சைட்டைப் பத்திக் கேளு மக்கா" என்று பதில் போட்டேன்.